ஆறு கட்டை வெயிலம்மா

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. இப்ப உங்க போன் அடிச்சுச்சே, அந்தப் பாட்டை இன்னொரு தடவை வைக்க முடியுமா? இல்ல, இப்ப வேண்டாம். அப்புறம் வைங்க. நான் கோவில்பட்டியில இறங்குறேன், அதுக்குள்ள ஒரு தடவை வச்சாப் போதும். எப்பன்னு நானே சொல்றேன்.

யாரு பாடுனதுன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாது. அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டுன்னு வச்சிருக்கீங்க. அதுவும் சரிதான். யாரைக் கேட்டாலும் எங்க அம்மாவுக்குப் பிடிக்கும், எங்க அத்தைக்குப் பிடிக்கும்னுதான் சொல்றாங்க. பாடுனவ பேரைக் கேட்டா முழிக்கிறாங்க. அது பாடுனது என் சம்சாரம், தம்பி.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்தா மடியில வச்சிருக்கேனே, இது ஆர்மோனியம். பாட்டு எடுக்கிறதுக்கு முன்னால ஒரு இழுப்பு வருதுல்ல, அது இந்தப் பெட்டி, இந்தக் கை. கண்டக்டர் பின்னால டிக்கியில போடுங்கன்னாரு. மாட்டேன்னுட்டேன். முப்பத்தொம்பது வருசமா இது என் மடியிலதான் போகுது, வருது. பத்து வருசம் அவ மடியிலயும் போயிருக்கு. அதைப் பின்னால சொல்றேன்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எஞ்சின் ரொம்ப இரையுது. ஓ, நீங்க திருநெல்வேலியா. நல்லது. அப்ப நேரம் இருக்கு.

அவ பேரு வெயிலுகந்தா. விருதுநகர் பக்கம் வெயிலுகந்த அம்மன்னு சாமி இருக்கு, அந்தப் பேரு. வீட்டுல வெயிலா. போஸ்டர்ல 'ஆறு கட்டை வெயிலம்மா'ன்னு இம்மாம் பெரிய எழுத்துல இருக்கும். அடியில சின்னதா, 'ஆர்மோனியம்: மாசானம்'. அது நான். நான் குறை சொல்லலை. பெட்டிக்காரன் பேரு சின்னதாத்தான் இருக்கும். ஆனா சுருதி யாரு கையில இருக்குன்னு விசயம் தெரிஞ்சவனுக்குத் தெரியும், பாத்துக்கிடுங்க.

கட்டைன்னா என்னன்னு கேக்கிறீங்களா? பெட்டியில அமுக்குறோமே, இந்த வெள்ளைக் கட்டைதான். இடது பக்கமிருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வந்தா சுருதி ஏறிக்கிட்டே போகும். இடையில இருக்கிற கறுப்புக் கட்டை அரைக் கணக்கு. ஆம்பளைக்கு ஒண்ணு, ஒண்ணரை. பொம்பளைக்கு நாலரை, ரொம்பப் போனா அஞ்சரை. ஆறுன்னா அடிவயித்துல இருந்து எடுக்கணும். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேக்கும். வெயிலா அதைச் சிரிச்சுக்கிட்டே பாடுவா. அவளுக்குக் குரல்னா எனக்குக் காது. ஒரு டம்ளர் தரையில விழுந்தா, இது ரெண்டரைக் கட்டைன்னு சொல்லிருவேன். எங்க பக்கம் யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அவளை நான் பாத்தது ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல. பாத்ததுன்னா, கேட்டது. அப்ப எனக்குப் பஜனைக் கோஷ்டிக்குப் பெட்டி வாசிக்கிற வேலை. வவுத்துப்பாட்டுக்கு லாரியில மூட்டை இறக்குறது. அன்னைக்குக் குச்சி மூட்டை. உள்ள நூறு பொம்பளைங்க சட்டத்துல குச்சி அடுக்கிக்கிட்டு இருக்காங்க. ஒரு குரல் மட்டும் தனியா மேல வருது.

'குச்சி காயணும்னு வெயிலுக்கு வேண்டுதலு
எங்க வகுறு காயுதே, அதுக்கு யாரு வேண்டுதலு'

இதேதான், உங்க போன்ல இருக்கிறது. அவளே கட்டுனது. பத்தொம்பது வயசு. நான் மூட்டையைத் தோள்ல வச்சபடி நின்னுட்டேன், சூப்பர்வைசர் வந்து ஏசுற வரைக்கும். மறு மாசம் பொண்ணு கேட்டுப் போயாச்சு. அவகிட்டச் சம்மதம் கேட்டாங்களான்னு எனக்குத் தெரியல. கேட்டிருப்பாங்க.

அவளுக்குப் பாடத்தான் தெரியும், சுருதின்னா என்னன்னு தெரியாது. நினைச்ச எடத்துல எடுப்பா, நினைச்ச எடத்துல விடுவா. நான்தான் பெட்டி முன்னால உக்கார வச்சு, இந்தா இதுதான் ஆறு, இதுல நில்லுன்னு நிறுத்துனேன். நின்னா. அப்புறம் பொங்கல் விழா, கோயில் கொடை, கட்சி மாநாடு, ரேடியோ. கேசட் போட்டப்போ டீக்கடையில எல்லாம் அவதான். சிங்கப்பூர் போயிட்டு வந்தோம். எங்க போனாலும் பொம்பளைங்க வந்து அவ தொண்டையைத் தொட்டுப் பாப்பாங்க. உள்ள என்னமோ வச்சிருக்கிற மாதிரி. பெத்த பிள்ளைக்கு வெயிலான்னு பேரு வச்சவங்க இருக்காங்க. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அவ சட்டை எடுத்துக் குடுப்பா.

ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ரெண்டு ஊரு. பேரு வேண்டாம். கம்மாத் தண்ணிக்காக வெட்டிக்கிட்டு, ஒருத்தன் ஊருக்குள்ள ஒருத்தன் கால் வைக்காத ஊருக. ரெண்டு ஊருக்கும் ஒரே நாள்ல கொடை, ரெண்டு ஊருக்கும் வெயிலம்மாதான் வேணும். நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? நேரா கம்மாக்கரையில போயி நின்னா, மத்தியான வெயில்ல. இந்தச் சரிவுல இவங்க, அந்தச் சரிவுல அவங்க. ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்துப் பாடுனா. பாட்டு முடிய, இது எங்க பாட்டுன்னு இவங்க சொல்றாங்க, எங்க பாட்டுன்னு அவங்க சொல்றாங்க. அன்னைக்குச் சண்டை அதுக்குத்தான். தண்ணிக்கு இல்ல.

சரி, ஆறு கட்டைக்கு வாரேன். ஒரு விழாவுல இன்னொரு குழுக்காரன் போட்டி போட்டான். நான் ஆறாம் கட்டையை அமுக்குனேன். அவன் ஆளால ஏற முடியல. வெயிலா ஏறுனா, மேலயே நின்னா. அன்னையிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். மேடையில உக்காந்ததும் நான் ஆறாம் கட்டையை அமுக்கி மைக்குக்கு நேரா பிடிச்சு, 'கட்டை எத்தனை?'ன்னு கேப்பேன். மொத்தக் கூட்டமும் 'ஆறு!'ன்னு கத்தும். அப்புறம்தான் அவ வாயைத் திறப்பா. அந்தச் சத்தம் இருக்கே, தம்பி, அதுக்காகவே நான் உயிரோட இருந்தேன்.

திருமங்கலம் வந்துருச்சா? என்ன, வண்டி நின்னுக்கிட்டா இருக்கு? எஞ்சினை நிறுத்திட்டானா? அப்ப என்னமோ இரையுதே. சரி, விடுங்க.

அவளுக்கு நாப்பத்தேழு வயசு இருக்கும். ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே, "ஏங்க, அரைக் கட்டை இறக்கிக்கிடுவமா? தொண்டை எரியுது"ன்னா. நான் சாப்பிடுற கையை உதறிட்டு எந்திரிச்சுட்டேன். கோவம் இல்ல, பதட்டம். "போஸ்டர்ல அஞ்சரைக் கட்டை வெயிலம்மான்னு போடச் சொல்லவா? ஊரு சிரிக்கும்"னேன். "கூட்டம் ஆறுன்னு கத்தும்போது நான் அஞ்சரையை அமுக்குனா அது பொய்யில்லையா?"ன்னேன். அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், "சரி, சாப்பிடுங்க"ன்னா. அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கலை. சொன்னாப் புரிஞ்சுக்கிடுற பொம்பளை. அந்த விசயத்துல நான் குடுத்து வச்சவன்.

எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில வேலை கிடையாது, மழை. அப்பதான் பெட்டியைச் சர்வீசுக்குக் குடுக்கிறது. மதுரையில லத்தீப் பாய். தெக்க அவரை மாதிரி ரீடு பாக்கிறவங்க யாருமில்ல. எப்பவும் நான்தான் கொண்டு போவேன். அந்த வருசம் வெயிலா, "நீங்க அலையாதீங்க, நான் கொண்டு போயிட்டு வாரேன். சேலையும் எடுத்த மாதிரி இருக்கும்"னா. எனக்குச் சந்தோசம். பாட்டுக்காரி பெட்டியை மதிக்கிறாளேன்னு. அதுக்கப்புறம் வருசா வருசம் அவதான் தூக்கிக்கிட்டுப் போவா. அவ சேலை எடுத்துட்டு வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

தொண்டை எரிச்சலும் போயிருச்சு. காலையில வெந்நீர் குடிக்கச் சொல்லியிருந்தேன், அதுல கேட்டிருக்கும்னு நினைச்சேன். அடுத்த பத்து வருசம் அவ பாடுனது இருக்கே! வயசாக ஆக வெயிலம்மா குரல்ல ஈரம் கூடிக்கிட்டே போகுதுன்னு ஜனம் சொல்லும். கேட்டுக்கிட்டே அழுவாங்க. முன்னால அவ பாட்டுக்குக் கைதட்டுவாங்க, இப்ப அழுறாங்க. நான் மேடையில மீசையை முறுக்கிக்கிட்டு, "அதே ஆறு கட்டைதான்யா!"ன்னு சொல்லுவேன். எனக்கே கண்ணு கலங்கிரும்.

போன வருசம் தை மாசம். சிங்கப்பூர்ல இருக்கிற எங்க ரசிகருங்க சேந்து கோவில்பட்டியில ஒரு கல்யாண மண்டபத்துல விழா எடுத்தாங்க. காலையில பத்து மணிக்கு. அவளுக்குப் பொன்னாடை, மாலை. எனக்கு ஒரு புதுப் பெட்டி. புது ஆர்மோனியம், தம்பி! நான் யாரு, சின்ன எழுத்துக்காரன். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கையில குடுத்தாங்க. எனக்குக் கால் தரையில இல்ல.

வெயிலா பக்கத்துல வந்து, "பழசுலயே வாசிங்க"ன்னா. குடுத்தவங்க முன்னாலயே உக்காந்திருக்காங்க, மரியாதையா இருக்குமான்னேன். மறுபடியும், "சொன்னாக் கேளுங்க, பழசுலயே வாசிங்க"ன்னா. மூணாவது தடவை என் சட்டைக் கையைப் பிடிச்சா. மேடையில அப்படியெல்லாம் அவ தொட மாட்டா. பொறாமைன்னு நினைச்சேன். தப்புத்தான், நினைச்சுட்டேன். முத முதல்ல எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு, அது இவளுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.

புதுப் பெட்டியில ஆறை அமுக்கினேன். "கட்டை எத்தனை?" "ஆறு!" மண்டபமே அதிருது. அவ கீழ எடுத்தா. ரொம்பக் கீழ. கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியல, எனக்குத் தெரியுமே, சுருதியோட சேரலை. கண்ணால 'மேல'ன்னு காட்டுனேன். அவ இல்லைன்னு தலையை ஆட்டினா. நான் பெட்டியை ஓங்கி அமுக்கி, "மேல எடு, மேல எடு"ன்னு வாய் விட்டே சொல்லிட்டேன். மைக்குல கேட்டுருச்சு. உற்சாகப்படுத்துறேன்னு நினைச்சுக் கூட்டம் கைதட்டுச்சு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா, தம்பி. பாத்துட்டு, மேல எடுத்தா.

மூணாவது அடியில துணி கிழியுற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். வாயைத் திறக்கிறா, காத்துதான் வருது. கையால தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. நான் அப்பவும் பெட்டியை நிறுத்தலை. கை அது பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. யாரோ வந்து கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க.

தொண்டைக்குள்ள நரம்பு மாதிரி ரெண்டு இருக்காம், அதுல ரத்தம் கட்டிருச்சுன்னாரு டாக்டர். ரெண்டு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்புறம் பேசலாம், மெதுவாப் பாடலாம், உச்சத்துக்குப் போகவே கூடாதுன்னுட்டாரு. அந்த ரெண்டு மாசம் எங்க வீட்டு வாசல்ல கூட்டம்னா கூட்டம். தேன் கொண்டு வாராங்க, கசாயம் கொண்டு வாராங்க. அந்தக் கம்மா ஊருகன்னு சொன்னேன்ல, ரெண்டுல இருந்தும் பொம்பளைங்க அவ தொண்டைக்காகத் தீச்சட்டி எடுத்தாங்க. நான் வாசல்ல நின்னு எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். புதுப் பெட்டி கோளாறு, சிங்கப்பூர்ல இருந்து வந்தது, நம்ம ஊருக்கு ஒத்துக்கிடலைன்னு சொன்னேன். அப்படித்தான் நம்புனேன்.

ரெண்டு மாசம் ஆச்சு. பேச ஆரம்பிச்சா. பக்கத்து வீட்டு ஜெபக்கனிகிட்டப் பேசுறா. பால்காரர்கிட்டப் பேசுறா. போன்ல தங்கச்சிகிட்டப் பேசுறா. என்கிட்ட இல்ல. எனக்குச் சைகைதான். தட்டு வைக்கிற சத்தம் கேட்டா சோறுன்னு அர்த்தம். கோவமா முகத்தைத் திருப்புனாக் கூடப் பரவாயில்ல, சமாதானம் பண்ணலாம். அவ திருப்புறதும் இல்ல. சும்மா இருக்கா. எனக்கு உடம்பு சரியில்லைன்னா கஞ்சி வச்சுக் குடுக்கிறா. நெத்தியைத் தொட்டுப் பாக்கிறா. ஒரு வார்த்தை மட்டும் இல்ல. பதினோரு மாசம், தம்பி. என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியல. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவ மறுபடியும் பாடணும். மேடையெல்லாம் வேண்டாம். வீட்டுல, என் காது கேக்க, ஒரு பாட்டு.

விருதுநகர் தாண்டிருச்சா? சரி.

ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் ஜெபக்கனி, தையல் தைக்கிற பொண்ணு, என்னை வழியில நிறுத்தி, "அண்ணாச்சி, மதினி இன்னைக்கு என்னமாப் பாடுனாங்க! மிசினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்"ன்னுச்சு. எனக்கு விளங்கலை. யாரு பாடுனதுன்னேன். "தினமும்தான் பாடுறாங்க. நீங்க டீ குடிக்கப் போனதும் ஆரம்பிப்பாங்க. உங்க சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டா நிறுத்திருவாங்க. உங்களுக்குத் தெரியும்லா?"ன்னு கேட்டுச்சு. தெரியும் தெரியும்னுட்டேன். வேற என்ன சொல்றது?

மறுநாள் டீ குடிக்கப் போற மாதிரி கிளம்பி, சைக்கிளைத் தெருமுனையிலயே சாச்சு வச்சுட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தேன். சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி. ஜன்னலுக்கு வெளிய நின்னேன். அரிசி புடைச்சுக்கிட்டே பாடுறா. அதே பாட்டுதான், வகுறு காயுதே. மெதுவா, கீழ, ஒவ்வொரு சொல்லையும் வச்சு வச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. அவ குரல் போகலை, இருக்கு, உயிரோட இருக்கு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்ப என்ன செஞ்சேன் தெரியுமா? இதை யாருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன், நான் இறங்கிப் போயிருவேன். அழுதுக்கிட்டே, ஜன்னல் வழியா, "கொஞ்சம் மேல எடு வெயிலா"ன்னுட்டேன்.

வாய் அது பாட்டுக்குச் சொல்லிருச்சு, தம்பி! முப்பத்தொம்பது வருசம் சொன்ன வாய். பாட்டு நின்னுச்சு. முறத்தைக் கீழ வச்சா. எந்திரிச்சு வந்து, என்னைப் பாத்தபடியே ஜன்னலைச் சாத்துனா. அடிச்சுச் சாத்தலை. மெதுவாத்தான் சாத்துனா.

நான் உள்ள போயி அந்தப் புதுப் பெட்டியை எடுத்து, அவ பாடுனதை முணுமுணுத்துக்கிட்டே, அது எந்தக் கட்டையோட சேருதுன்னு அமுக்கிப் பாத்தேன். நாலரை. பெட்டியை அப்படியே மூடிட்டேன். ஆறு கட்டை வெயிலா நாலரையில பாடுறாளே, இப்படி இறங்கிட்டாளேன்னு.

அப்புறம்தான் ஒரு யோசனை. பழைய பெட்டியை எடுத்து வாசிச்சா, அந்தச் சத்தத்துக்கு அவ வருவா. ஒரு வருசமாத் திறக்காம தூசி அடைஞ்சு கிடக்கு. லத்தீப் பாய்கிட்டக் குடுத்துச் சரி பண்ணிருவோம்னு இன்னைக்குக் காலையில மதுரைக்கு வந்தேன். பத்து வருசம் கழிச்சு நானே.

பாய் பெட்டியைத் திறந்தாரு. "என்ன மாசானம், நீங்களே வந்திருக்கீங்க? எப்பவும் போல வச்சிரவா, இல்ல இன்னும் கொஞ்சம் இறக்கணுமா?"ன்னு கேட்டாரு. எதை இறக்கணும்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு.

இந்தப் பெட்டிக்குள்ள ரீடுன்னு பித்தளைத் தகடு இருக்கும். நுனியில சுரண்டுனா சுருதி ஏறும், அடியில சுரண்டுனா இறங்கும். வருசம் கால் கட்டையா, எல்லா ரீடையும் அடியில சுரண்டியிருக்காரு. ஆறு வருசத்துல ஒண்ணரைக் கட்டை. அதுக்கு மேல தேவைப்படலையாம். எல்லாம் அவ சொல்லித்தான். எங்க தாளக்காரனுக்குக் கூடத் தெரியுமாம். பெட்டி இறங்குன அளவுக்கு அவன் தோலைத் தளத்திக்கிட்டே வந்திருக்கான்.

அப்ப நான் ஆறுன்னு அமுக்குனது நாலரை. கூட்டம் ஆறுன்னு கத்துனது நாலரைக்கு. நான் மீசையை முறுக்குனது நாலரைக்கு. ஜன்னல்ல நின்னு மேல எடுன்னு சொன்னேனே, அது அவ இத்தனை வருசமா என் பக்கத்துல உக்காந்து பாடுன அதே எடம்.

எனக்குக் கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். "ஏமாத்திட்டாளே பாய்! இப்பல்ல புரியுது. குத்தம் உறுத்துது, அதான் என் மூஞ்சியைப் பாத்துப் பேச முடியல. சரி, போனாப் போகுது. நான் மன்னிச்சுட்டேன்னு போயிச் சொல்லிருறேன்"னேன். பெரிய மனுசன் மாதிரி சொன்னேன், பாத்துக்கிடுங்க.

பாய் அரத்தைக் கீழ வச்சாரு. "முத தடவை அந்தம்மா வந்தப்ப நான் கேட்டேன். அவரு பெரிய காதுக்காரராச்சேம்மா, கண்டுபிடிச்சிர மாட்டாரான்னு. என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அவருக்குக் காது போயி மூணு வருசமாச்சு பாய். பெட்டியைப் பாத்து வாசிக்கிறாரு, கேட்டு வாசிக்கலை. அது தெரிஞ்சா மனுசன் உடைஞ்சு போயிருவாரு. நீங்க பெட்டியை மட்டும் பாத்துக்கிடுங்க'ன்னுச்சு"ன்னாரு.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க.

என் காதைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. மேடைக்கு மேடை டம்ளர் கதையைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், அவ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஒரு தடவை கூடச் சிரிக்கலை.

பாய் ரெண்டு மணி நேரம் வேலை பாத்தாரு. துருத்தியைத் துடைச்சு, ரீடெல்லாம் பாத்து, பெட்டியை என் முன்னால தள்ளுனாரு. முகத்துல சிரிப்பே இல்ல. "சுருதி சேத்துட்டேன், மாசானம். பழைய ஆறுக்கே ஏத்திட்டேனா, அந்தம்மா வச்ச எடத்துலயே விட்டிருக்கேனா, நீங்களே அமுக்கிப் பாத்துச் சொல்லுங்க"ன்னாரு.

கடையில வச்சு அமுக்குனேன். தெரியல. வெளிய வந்து அமுக்குனேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல, ஒரு தூண் ஓரமா உக்காந்து, காதைப் பெட்டி மேலயே வச்சு அமுக்குனேன். ஜனம் வேடிக்கை பாக்குது. ஆறுன்னு நினைச்சா ஆறு மாதிரி இருக்கு. நாலரைன்னு நினைச்சா நாலரை மாதிரி இருக்கு. எனக்குத் தெரியல, தம்பி. சத்தியமாத் தெரியல.

அதுக்குத்தான் உங்ககிட்டப் பாட்டைக் கேட்டேன். அது பழைய கேசட்டுல இருந்து எடுத்தது. அவளுக்கு இருபத்தேழு வயசு, அசல் ஆறு. தனியா அமுக்குனாத்தான் பிடிபடலை, அதையும் இதையும் சேத்து வச்சா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போயிரும். எனக்குத் தெரியலைன்னாலும் நீங்க சொல்லிருவீங்க, உங்களுக்கு நல்ல காது இருக்கும்.

வெள்ளரிக்காய் விக்கிறாங்க. சாத்தூர் வந்துருச்சு. அடுத்தது எங்க ஊருதான். எடுங்க போனை.

இருங்க. ஒரு நிமிசம்.

வேண்டாம். உள்ள வச்சிருங்க. இது ஆறுன்னா இதைக் கொண்டு போயி அவ முன்னால வைக்க எனக்குப் பயமா இருக்கு. நாலரைன்னாலும் பயமாத்தான் இருக்கு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா, பத்து வருசம் அவ எனக்காகக் கட்டிக் காத்ததை நானே போட்டு உடைச்ச மாதிரி ஆகும். தெரியாத மாதிரி இருந்தா, அவ இன்னும் எத்தனை வருசம்தான் என்னைச் சுமப்பா? காலையில இருந்து யோசிக்கிறேன். அவகிட்டப் போயி என்ன சொல்றதுன்னு ஒரு சொல் வரலை. மேடையில பக்கத்துல உக்காந்து அவகிட்ட நான் பேசுனது மொத்தமே 'மேல எடு'ங்கிற அந்த ரெண்டு சொல்லுதான். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

பெட்டி இன்னைக்கு வீட்டுக்குள்ள போக வேண்டாம். ஜெபக்கனி வீட்டுல வச்சிருறேன். எப்ப வேணும்னு தோணுதோ அப்ப வெயிலாவே எடுத்துக்கிடட்டும். இல்ல, எடுக்காமயே இருக்கட்டும்.

இப்ப மணி நாலரையா? நான் இல்லாத நேரம். பாடிக்கிட்டுத்தான் இருப்பா. மெதுவாப் போயி, அந்த ஜன்னல் பக்கம் செவுத்தோரமா நின்னு கேப்பேன். நல்லா இருக்குன்னு மட்டும் ஒரு தடவை சொன்னா என்ன? சொல்லலாமா? என்ன, தலையை ஆட்டுறீங்க. வேண்டாங்கிறீங்க. சரி. அதையும் சொல்லலை. துண்டை எடுத்து வாயில வச்சுக்கிடுறேன்.

கோவில்பட்டி வந்துருச்சு. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க, நான் முதல்ல இறங்கிக்கிடுறேன். பாத்து, பாத்து. குடுங்க. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. சைக்கிள் இங்க ஸ்டாண்டுலதான் கிடக்கு, பெட்டியைப் பின்னால கட்டிக்கிட்டு வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போகணும். தெருமுனையிலயே சாச்சு வச்சிரணும். ஸ்டாண்டு போட்டா நிறுத்திருவா.